ஒரு கதவும் ஒரு கண்ணாடியும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்களில் பெரும்பாலோர் எஞ்சினைப் பற்றியே விசாரிப்பார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறதா, வெயிலில் கொதிக்கிறதா என்பவையே வழக்கமான கேள்விகள். கதவைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. திறப்பதற்கும் மூடுவதற்கும் ஏற்பட்ட ஒரு தகட்டில் அப்படி என்ன விசேஷம் இருந்துவிடப் போகிறது என்பது பொதுஜன அபிப்பிராயம். என் அபிப்பிராயமும் அதுவாகவே இருந்தது. 2024-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுப் பழைய அம்பாஸடர் வண்டியின் இடது புறத்துப் பின்கதவு அதை அடியோடு மாற்றிவிட்டது. இருபது வருஷ காலமாகப் பிறருக்குப் பாடம் சொல்லி வரும் ஓர் உபாத்தியாயனை ஒன்றரை மாதம் மாணாக்கனாக உட்கார்த்தி வைத்த அந்தக் கதவின் சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. உப்பளங்களுக்குப் பெயர் போன பட்டணம். இங்கே வீசும் காற்றிலேயே உப்பு உண்டு. இரும்புக்கு வேறு சத்துரு வேண்டியதில்லை. என் தகப்பனார் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். 1984-ல் அவர் ஒரு வைத்தியரிடமிருந்து 1968-ஆம் வருஷத்து அம்பாஸடர் மார்க்-2 வண்டி ஒன்றை வாங்கினார். திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும், உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும் அந்த வண்டியிலேயே போய் வந்தோம். முன் ஆசனத்தில் தகப்பனார். பின்னால் இடது ஜன்னலோரம் என் தாயார். அந்த இடத்துக்கு வேறு யாரும் பாத்தியதை கொண்டாடியதில்லை.

அம்பாஸடரைத் தெருவில் பார்த்தறியாத சிறுவர்கள் இப்போது வளர்ந்து வருகிறார்கள். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. வெள்ளையர் ஆட்சி நீங்குமுன்பே, 1942-ல், பி. எம். பிர்லா ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியை ஸ்தாபித்தார். இன்றைய குஜராத்தைச் சேர்ந்த ஓகா துறைமுகத்தில் ஆரம்பமான தொழில், 1948-ல் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாடாவுக்கு மாறிற்று. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் பிற்பகுதியில் அங்கே அம்பாஸடர் உருவாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் மந்திரிகளையும் மணப்பெண்களையும் நோயாளிகளையும் சுமந்த பின், 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரும் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவுக்கு விற்கப்பட்டது. ஆகையால் இன்று ஓர் அம்பாஸடரின் கதவு கெட்டுவிட்டால், ஆலைக்குக் கடிதம் எழுதிப் புதுக் கதவு தருவித்துக்கொள்ள இயலாது. உள்ளூர்ப் பட்டறைகளின் கைத்திறமையே கதி.

இரண்டு கண்ணாடிகள் உடைந்த கதை

எங்கள் வண்டியின் இடது பின்கதவுக் கண்ணாடி இரண்டு முறை உடைந்திருக்கிறது. அந்த இரண்டு உடைவுகளுக்கும் உள்ள வித்தியாசமே இந்தக் கட்டுரையின் உயிர்நாடி.

முதல் முறை உடைந்தது 1994-ல். தென்னை மட்டை ஒன்று மரத்திலிருந்து நழுவிக் கதவின் மேல் சாய்ந்து விழுந்தது. ஆலையிலிருந்து வண்டியோடு வந்த கண்ணாடி அது. ஒரே கணத்தில் கற்கண்டைக் கொட்டியதுபோல் சிறுசிறு மணிகளாக ஆசனத்தின் மேல் உதிர்ந்தது. நான் அந்த மணிகளை வெறுங்கையால் அள்ளிப் பனையோலைப் பெட்டியில் போட்டு விளையாடினேன். கையில் கீறல்கூட இல்லை.

தகப்பனார் உள்ளூரில் ஒரு கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வெட்டிப் போடச் சொன்னார். அவர்களும் அரைமணியில் வெட்டிப் போட்டுவிட்டார்கள். கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. கனமும் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது உடைவு 1996-ல் நேர்ந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி ஏறவில்லை. என் தமக்கை இரு உள்ளங்கைகளாலும் அதை அழுத்தி மேலே தள்ளினாள். அவளுக்கு அப்போது இருபது வயது. கண்ணாடி குறுக்கே வெடித்துக் கத்திகள் போன்ற நீண்ட துண்டுகளாகப் பிளந்தது. ஒரு துண்டு அவள் வலது மணிக்கட்டில் இறங்கிற்று. ஒன்பது தையல். நரம்பு தப்பியது தெய்வாதீனம் என்றார் டாக்டர். இன்றைக்கும் அவள் எழுதும்போது சுண்டு விரல் சற்று விறைத்தே நிற்கும்.

அதற்குப் பிறகு தகப்பனார் அந்த ஜன்னலுக்கு மற்றொரு கண்ணாடி போட்டார். ஆனால் அதை ஏற்றி இறக்க யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. கைப்பிடியைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். தேக்கு மரத்தில் ஆப்புகள் செதுக்கிக் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே இறுகச் செருகினார். பிரயாணத்தில் ஓர் ஆப்பு உள்ளே விழுந்துவிட்டால் வேறு செதுக்குவார். 2013-ல் அவர் காலமான பின் வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. ஆப்பும் நின்றது.

வெள்ளமும் நிபந்தனையும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஜில்லாவில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. எங்கள் கொட்டகையில் முழங்கால் அளவு நீர் இரண்டு நாள் தேங்கி நின்றது. நீர் வடிந்த வாரத்திலேயே பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து ஒரு விலை சொன்னார். நான் தலையசைக்கத் தயாராகவே இருந்தேன். தாயார் திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். பேசாமல் போனதே பதிலாக இருந்தது.

அந்தச் சமயத்தில் தமக்கையின் மகளுக்குக் கார்த்திகை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாத்தாவின் வண்டியில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று பெண் பிடிவாதம் பிடித்தாள். தமக்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, எஞ்சினை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அந்தக் கதவும் கண்ணாடியும் சரியாக இல்லாவிட்டால் என் பெண்ணை அதில் உட்கார விடமாட்டேன்" என்றாள். சொல்லும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்காது.

எஞ்சினுக்கு மெக்கானிக் கிடைப்பது சிரமமாக இல்லை. வண்டியின் தஸ்தாவேஜுகளைப் புதுப்பித்தது தனிக் கதை. கதவுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. கடைசியில், அறுபத்தெட்டு வயதான டிங்கர் அண்ணாச்சி ஒருவர் அகப்பட்டார். நாற்பத்தைந்து வருஷமாகத் தகடு தட்டுகிறவர். வண்டியை நோட்டம் விட்டுவிட்டு, "சார்வாள், இதற்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் நாலு நாளில் கல்யாண வண்டி தயார். அடுத்த மழைக்குள் கதவு கையோடு வந்துவிடும். எது வேண்டும்?" என்று கேட்டார். கேள்வியில் கேலி இல்லை. இரண்டு வகைச் சொந்தக்காரர்களையும் பார்த்தவர் அவர்.

கதவுக்குள் கண்டது

உட்புறத்து ரெக்ஸின் பலகையைக் கழற்றினோம். அட்டை ஊறிப்போய் அப்பளம்போல் கையோடு வந்தது. நான் ஆர்வக் கோளாறினால் கண்ணாடியைப் பிடித்திருந்த ஆப்பைப் பிடுங்கினேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை எல்லோரும் அறிந்ததே. கண்ணாடி தடாலென்று கதவுக்குள் இறங்கிற்று. நல்ல வேளையாக உடையவில்லை.

கதவின் அடிப்பாகத்தில் அண்ணாச்சி விளக்கைக் காட்டினார். இரண்டங்குல உயரத்துக்குக் கறுப்புச் சேறு இறுகிக் கிடந்தது. அதைக் கிளறக் கிளறப் பொருள்கள் வெளிப்பட்டன: தாயாரின் இரண்டு கொண்டை ஊசிகள், நான் தொலைத்துவிட்டு அழுத பச்சைக் கோலி ஒன்று, ஒரு பஸ் டிக்கெட்டின் மிச்சம். அவற்றோடு மூன்று தேக்கு ஆப்புகள். பிரயாணங்களில் விழுந்தவை. மூன்றும் கதவின் அடியோரத்தில் வரிசையாகப் படுத்து, அங்கிருந்த துவாரங்களை அடைத்துக்கொண்டிருந்தன.

துவாரங்கள் ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அண்ணாச்சி சொன்ன பதிலை என் வார்த்தையில் தருகிறேன்.

மோட்டார்க் கதவு நீர் புகாத பெட்டி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நீர் புகுவதற்கென்றே அமைக்கப்பட்ட பெட்டி அது. ஜன்னலின் அடிவிளிம்பில் கண்ணாடியை ஒட்டி ஒரு ரப்பர்ப் பட்டை இருக்கிறது. பெரும்பகுதி மழையை அது வழித்து வெளியே தள்ளும். ஆனால் ஏறி இறங்கும் கண்ணாடியைச் சுற்றி முழுவதும் அடைக்க எந்த ரப்பராலும் முடியாது. மீதி நீர் கண்ணாடியின் மேல் வழிந்து கதவின் வயிற்றுக்குள் இறங்கும். அது வெளியேறுவதற்காகவே அடியில் சிறு துவாரங்கள் விட்டிருக்கிறார்கள். உட்புறத்துப் பலகைக்குப் பின்னால் நீர் ஒட்டாத தாளோ பிளாஸ்டிக் விரிப்போ ஒட்டி, அதன் கீழ் விளிம்பைக் கதவுக்குள் மடித்து விட்டிருப்பார்கள். பலகையின் பக்கம் வரும் நீரும் அதன் வழியே உள்ளே சொட்டித் துவாரத்தைச் சேரும். துவாரம் திறந்திருக்கும் வரையில் கதவு நனையும், உலரும், கேடில்லை. துவாரம் அடைபட்டால் நீர் தேங்கும். புழுதி சேறாகும். சேறு உலராது. உப்புக் காற்றும் சேர்ந்துவிட்டால், கதவு உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும்.

கதவின் வெளித்தகடு அடியோரத்தில் உட்தகட்டைத் தழுவி மடிக்கப்பட்டிருக்கிறது. துரு அந்த மடிப்பில்தான் முதலில் குடியேறும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது; ஆகையால் துரு மடிப்பையே பிளந்து விரிக்கும். வெளியே வர்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போய்விட்டிருக்கும்.

நான் அந்த மூன்று ஆப்புகளையும் கழுவித் திண்ணையில் வைத்தேன். கத்தியின் தடம் மூன்றிலும் தெளிவாக இருந்தது. மகளின் கையை இன்னொரு முறை கண்ணாடி அறுத்துவிடக் கூடாது என்று அவர் செதுக்கியவை. அவையே கதவைத் தின்றிருக்கின்றன. கண்ணாடியை ஏற்றும் மிஷினைப் பழுது பார்க்காமல், கண்ணாடி மாற வேண்டியது என்பதையும் அறியாமல், நகராதபடி இறுக்கி வைத்ததே பரிகாரம் என்று அவர் நம்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே.

வெட்டுவதும் ஒட்டுவதும்

அண்ணாச்சி உடனே வெட்டத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்த முதற்காரியம் கதவைப் பாதி திறந்து அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தது. கதவு லேசாக ஆடியது. கீல்களின் ஊசிகள் தேய்ந்திருந்தன. "தொங்குகிற கதவுக்குத் தகடு போட்டால் தகடும் கோணலாகத்தான் நிற்கும்" என்றார். லேத் பட்டறையில் புது ஊசிகள் கடைந்து, கீல்களைச் சரிசெய்து, கதவைச் சுற்றிலும் இடைவெளி சமமாக வருகிறதா என்று ஒரு பிளைவுட் துண்டை விட்டுப் பார்த்துக்கொண்ட பிறகே வெட்டுக் கோடு போட்டார்.

அடியிலிருந்து நாலங்குலம் வெளித்தகட்டையும், அதற்கு உட்புறத்தில் ஓர் அங்குல உட்தகட்டையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. துரு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டக் கூடாதாம். அதற்கு மேல் சுத்தமான இரும்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் வெட்ட வேண்டுமாம். அதே வளைவில் 20 கேஜ் தகட்டைத் தட்டிப் புதுத் துண்டு செய்தார். பழைய துவாரங்கள் இருந்த இடங்களிலேயே புதுத் துவாரங்களும் விட்டார்.

வெல்டிங் வைப்பதில் ஒரு நுட்பத்தைக் கண்டேன். ஓர் ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம் வரை நேராக ஓட்டிக்கொண்டு போகவில்லை. இங்கே ஒரு புள்ளி. ஒரு சாண் தள்ளி மறு புள்ளி. பிறகு நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் ஆறும் வரை காத்திருந்தார். ஒரே இடத்தில் சூடு சேர்ந்தால் மெல்லிய தகடு விரிந்து, ஆறும்போது சுருங்கி, அலையலையாய் நெளிந்துவிடும். பிறகு அதை மறைக்கக் கை கனத்துக்குப் பட்டி பூச நேரும். இவ்வாறு புள்ளி புள்ளியாக வைத்த கோடு ஒன்றுசேர ஒரு பகல் முழுவதும் பிடித்தது. கடைசியில் சுத்தியலாலும் டாலிக் கட்டையாலும் தட்டி, அரத்தால் ராவி, நகக்கண் கனத்துக்கே பட்டி பூசினார். பட்டி மேடு பள்ளத்தை நிரவுவதற்கு உரியது. ஓட்டையை அடைப்பதற்கு உரியதன்று.

துருத் தடுக்கும் பிரைமரும் வர்ணமும் ஆன பின், கதவின் உட்புறத்தில் மெழுகு கலந்த துருத் தடுப்பு மருந்தைப் பீச்சினோம். அது உறைந்ததும் அண்ணாச்சி ஒரு கம்பியை எடுத்து என்னிடம் கொடுத்து, அடித் துவாரங்கள் ஒவ்வொன்றிலும் விட்டு எடுக்கச் சொன்னார். மருந்தே துவாரத்தை அடைத்துவிடுவதும் உண்டாம்.

கண்ணாடி மிஷின்

கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி ஏறுகிறதே, அதற்குக் காரணமான கருவியைப் பட்டறைகளில் கண்ணாடி மிஷின் என்கிறார்கள். பல்லுள்ள விசிறிபோன்ற ஒரு தகடு; அதைத் தள்ளும் சிறு பற்சக்கரம்; விசிறியோடு சேர்ந்த நீண்ட கை; அதன் நுனியிலுள்ள உருளை, கண்ணாடியின் அடியிலுள்ள தவாளிப்பில் ஓடிக் கண்ணாடியைத் தூக்கும். கண்ணாடியின் பாரத்தைத் தாங்கிக் கொடுக்க ஒரு சுருள்வில்லும் உண்டு.

அந்த வில்லிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கண்ணாடியின் பாரம் இல்லாத நிலையில் மிஷினைக் கழற்றினால், முறுக்கேறிய வில் அந்தக் கையைச் சாட்டைபோல் வீசியடிக்கும், விரலை நசுக்கிவிடும். அண்ணாச்சி விசிறித் தகட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு போல்ட்டு முடுக்கி அசையாமல் செய்த பிறகே கழற்றினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிப் பார்த்தால், விசிறியில் மூன்று பற்கள் மழுங்கியிருந்தன. 1996-ல் கண்ணாடி ஏறாததற்குக் காரணம் அவைதாம். மூன்றே பற்கள்! அவற்றின் மேல் பித்தளை ஒட்டு வைத்து, அரத்தால் ராவிப் பழைய அச்சுக்குக் கொண்டுவந்தார். அரை நாள் வேலை. கிரீஸ் தடவிச் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் ஓடிற்று.

ஆசிரியர் பெற்ற பூஜ்யம்

இனிக் கண்ணாடி. நம் நாட்டில் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டிகளின் முன் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடிகளும் பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். அது இரண்டு வகைப்படும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டும் படலம் வைத்து அழுத்தியது ஒரு வகை. 1903-ல் எதுவார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சு ரசாயனி, தம் சோதனைச் சாலையில் கீழே விழுந்த ஒரு குடுவை விரிந்தும் சிதறாமல் இருப்பதைக் கண்டார். உள்ளே முன்பு இருந்த ஒரு திராவகம் உலர்ந்து, படலமாக ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். 1909-ல் அவர் பெற்ற உரிமைதான் இவ்வகைக்கு ஆதாரம். முன்புறக் கண்ணாடிக்கு இப்போது இதையே போடுகிறார்கள்.

பக்க ஜன்னல்களுக்குப் பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 620 முதல் 650 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கி, இரு புறமும் குளிர்ந்த காற்றைப் பீச்சித் திடீரென்று ஆற்றுவார்கள். மேற்புறம் முதலில் இறுகிவிடும். உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும். இறுகிப்போன மேற்புறம் இடம் கொடாது. ஆகவே மேற்புறம் எப்போதும் அமுக்கத்திலும் உட்புறம் இழுப்பிலும் இருக்கும். இந்த உள்மல்லுக் கட்டினால் அது சாதாரணக் கண்ணாடியைப்போல் நான்கு மடங்கு பலம் பெறுகிறது. உடைந்தால், சேமித்திருந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டுக் கண்ணாடி சிறு மணிகளாகிவிடுகிறது. 1994-ல் நான் பெட்டியில் அள்ளிய கற்கண்டு அதுவே. 1996-ல் தமக்கையின் கையில் இறங்கியது வீட்டு ஜன்னலுக்குப் போடும் கண்ணாடி.

பதப்படுத்திய கண்ணாடியின் மூலையில் தயாரித்தவர்களின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியத் தர எண் 2553-ஐயும் அங்கே காணலாம். எங்கள் கதவில் இருந்த கண்ணாடியின் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் தாயார் அதன் அருகில்தான் உட்கார்ந்து பிரயாணம் செய்திருக்கிறாள்.

அம்பாஸடரின் பக்கக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடி. அது நமக்கு ஓர் அனுகூலம். மாதிரி அட்டை வெட்டிக் கொடுத்தால் செய்துவிடலாம். நானே அளவெடுத்தேன். கணிதம் போதிப்பவன் அல்லவா? சென்னையிலுள்ள ஓர் ஆலைக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் கண்ணாடி வந்தது. கதவில் வைத்துப் பார்த்தால், 3 மில்லிமீட்டர் அகலம் அதிகம்! கண்ணாடி ஓடும் இருபுறத்து இரும்புத் தடங்களிலும் மெத்தென்ற பெல்ட்டுத் துணி பதிக்க வேண்டும். பழைய துணியைப் பிய்த்தெறிந்த பின், வெறும் இரும்பை அளந்திருக்கிறேன். துணியின் கனத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஓரத்தை லேசாகத் தேய்த்துவிடலாமே, அண்ணாச்சி" என்றேன்.

"பதம் போட்ட கண்ணாடி அரத்துக்கும் கல்லுக்கும் கட்டுப்படாது, சார்வாள்."

"மூன்று மில்லிமீட்டர்தானே? தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்தால்?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். என்னை எட்டத்தில் நிற்கச் சொல்லி, தாம் கண்ணுக்குக் கவசம் மாட்டி, கண்ணாடியைச் சாக்கினால் போர்த்தி, ஓரத்தை மட்டும் வெளியே விட்டுக் கல்லில் வைத்தார். நாலாவது தேய்ப்பில் சாக்குக்குள் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சப்தம். சாக்கைப் பிரித்தார். ஒரு படி மணிகள். பதப்படுத்திய பின் கண்ணாடியை வெட்டவோ, துளைக்கவோ, தேய்க்கவோ கூடாது. எல்லாவற்றையும் முன்பே முடித்துவிட வேண்டும் என்ற விதி, புத்தகத்தில் நான் படித்ததுதான். படித்ததை நம்புவதற்கு ஒரு கண்ணாடியின் விலை கொடுத்தேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. மணிகளை ஒரு டப்பாவில் வாரி, "அக்காவிடம் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். தமக்கை ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்து மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். "இதுதான் போடப் போகிறாயா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவது மாதிரி அட்டையை, பெல்ட்டுத் துணி பதித்த பிறகே வெட்டினேன். கண்ணாடி சரியாக வந்தது. கீழ் மூலையில் முத்திரையும் இருந்தது. தடங்களுக்கு எண்ணெய் இடக் கூடாது என்பதையும் அங்கே தெரிந்துகொண்டேன். எண்ணெய் புழுதியைப் பிடித்து, ரப்பரையும் ஊதச் செய்துவிடும். சிலிக்கான் மருந்தே போதுமானது.

ஐந்து சொம்புத் தண்ணீர்

எல்லாம் முடிந்த மாலையில் ஒரு பரீக்ஷை நடத்தினோம். கதவின் அடியில் ஒரு தாம்பாளம் வைத்து, கண்ணாடியின் மேல் ஐந்து சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். ஒரு பகுதி வெளியே வழிந்தோடிற்று. மீதி உள்ளே இறங்கி, சற்றுப் பொறுத்து அடித் துவாரங்கள் மூன்றிலிருந்தும் சீராகச் சொட்டத் தொடங்கியது. உட்பலகையைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

நேயர்களில் பலரிடம் பழைய வண்டி இராது. புது வண்டி இருக்கலாம். அதன் கதவும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். மழைக்காலத்துக்கு முன் கதவுகளைத் திறந்து, அடிவிளிம்பில் விரலால் தடவித் துவாரங்களைத் தேடுங்கள். அடைபட்டிருந்தால் ஒரு மெல்லிய குச்சியால் எடுத்துவிடுங்கள். கதவை ஆட்டும்போது உள்ளே நீர் தளும்பும் சப்தம் கேட்டால் தாமதிக்க வேண்டாம். என்றேனும் ஜன்னல் கண்ணாடி மாற்ற நேர்ந்தால், பணம் கொடுக்குமுன் மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத கண்ணாடியைக் குழந்தைகள் உள்ளங்கையால் தள்ள விடாதீர்கள்.

கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. அன்று விடியற்காலையிலிருந்தே தூறல். மண்டபத்து வாசலில் பெண்ணை இறக்கிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தியபோது மழை வலுத்தது. தாயார் தன் பழைய இடத்திலேயே, இடது ஜன்னலோரத்தில், உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியைத் தானே சுற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றினாள். இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு. தமக்கை குடையோடு வந்து கதவைத் திறந்தாள். தாயாருக்குக் கைகொடுத்து இறக்கினாள். வலது கையாலேயே கதவைத் தள்ளி மூடினாள். 'டப்' என்று ஒரே சப்தம்.

தாயார் உள்ளே போகாமல் குனிந்து கதவின் அடியைப் பார்த்தாள். "தண்ணீர் ஒழுகுகிறதே, தம்பி" என்றாள் கவலையோடு.

"ஒழுகட்டும், அம்மா. அப்படித்தான் ஒழுக வேண்டும்" என்றேன்.

மூன்று ஆப்புகளும் இப்போது என் மேஜையின் மேல் காகிதங்களுக்குப் பாரமாக இருக்கின்றன.